லைன்மேனின் இரண்டு தாள்கள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், உளவியல் ஆய்வுக்காக ஒரு கேள்வித்தாளோடு தேனியில் வீடு வீடாக அலைந்தேன். மனதில் ஓடுவது இன்ன உணர்ச்சி என்று கண்டுகொள்ளவும் வெளியில் சொல்லவும் ஒருவருக்கு எவ்வளவு சிரமம் என்பதை அளக்கும் தாள் அது. ஆங்கிலத்திலிருந்து நானே தமிழாக்கியிருந்தேன். அது நம்பத்தக்கதா என்று பார்க்க, அதே ஆட்களிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். பதில்கள் பெரிதாக மாறக் கூடாது.

அல்லிநகரத்தில் ஒரு லைன்மேன். ஐம்பது வயதிருக்கும். முதல் முறை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ‘சிரமமே இல்லை’.

“நமக்கு என்னத்தா ஒளிவு மறைவு? பட்டதைச் சொல்லிருவேன்.”

இரண்டாம் முறை போனபோது அவர் மனைவி வாசலிலேயே மறித்தார். “என்னத்தைக் கேட்டுட்டுப் போனத்தா? அன்னையிலருந்து இவுக சரியாச் சாப்பிடல. பேசுனா வேற எங்கிட்டோ பாக்குறாக.”

தாளை முக்கால் மணி நேரம் வைத்திருந்தார் லைன்மேன். அத்தனை பதிலும் தலைகீழாக மாறியிருந்தது.

“ரெண்டு வாரத்துல என்ன ஆச்சுண்ணே?”

“ஒண்ணும் ஆகல. தெரியாதுங்கிறதே அன்னைக்குத் தெரியலத்தா. போன வருசம் எங்கய்யா செத்துப்போனாக. நான் அழுகல. நெஞ்சுல இங்கன என்னமோ அடைச்சுக் கெடக்கு. துக்கமின்னு நெனச்சேன், துக்கமில்ல. இதுக்குப் பேரு என்ன? நீ படிச்சவ, சொல்லு.”

அவர் மனைவி கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் வந்தும் ஏறாமல் பழனிசெட்டிபட்டி வரை நடந்தேன். தெரியாதவர்தான் ‘சிரமமே இல்லை’ என்று எழுதுவார் என்றால், பையிலிருந்த மற்றத் தாள்களில் எத்தனை அப்படி?

அவருடைய தாள்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்று என் பேராசிரியையிடம் கேட்டேன்.

“நம்பகத்தன்மை நம்பர் குறையுதுன்னு எடுத்துருவியா?” என்றார்.

எடுக்கவில்லை. குறையத்தான் செய்தது. அதையும் ஆய்வேட்டில் எழுதினேன்.

ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாள் எதுவும் இல்லாமல், மனநல மருத்துவர் ஒருவரின் விலாசத்தோடு லைன்மேன் வீட்டுக்குப் போனேன். சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

“கோவந்தாத்தா அது. எங்கய்யா மேல. படிக்கிறேன்னு கால்ல விழுந்தேன், கேக்கல. செத்தவுக மேல கோவப்படலாமா?”

“படலாம்ணே.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுப்படியிலிருந்து வந்த அவர் மனைவி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் நீட்டிய விலாசத்தை லைன்மேன் தன் சட்டைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். போனாரா என்று எனக்குத் தெரியாது.