அவனுடைய புதன்கிழமைகள்

பக்கத்துக் காணிக்காரர் வரம்பில் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். அக்கா செத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

“பிள்ளை, உன்னட்டைச் சொல்லாமல் இருக்கேலாது. அவனைப் புளியங்குளம் சந்தியிலை கண்டனான். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டவன்.”

“வடிவாப் பாத்தனீங்களோ?”

“முகம் முழுசாத் தெரியேல்லை. ஆனால் அவன் மாதிரித்தான் கிடந்தது.”

அவன் என்றால் மண் டிப்பர் ஓட்டியவன். பால் கொடுக்கச் சைக்கிளில் போன அக்காவை மதகுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தவன். அடித்தது மட்டும் இல்லை, நிறுத்தாமல் போனவன். வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தவளைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் சென்றது. பால் கானுக்கு ஒன்றும் ஆகவில்லை, மூடிகூடத் திறக்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தாள். எனக்கு அவளையும் அவளுக்கு என்னையும் விட்டால் வேறு யாரும் இல்லை. இடம்பெயர்ந்த காலம் முழுவதும், முகாமிலும்கூட, ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள்.

அவன் இரண்டாம் நாள் பொலிசில் சரணடைந்தான். கோட்டில் நீதவான் விளக்கமறியல் போட்டு அவனைச் சிறைக்கு அனுப்பினார். அன்றைக்கு ஒருதரம் அவனைக் கண்டேன், அவனும் என்னைக் கண்டான். வழக்கின் அடுத்த தவணையன்று அக்கா சாகக்கிடந்ததால் நான் போகவில்லை. அன்று என்ன நடந்தது என்றும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது இந்தக் கதை. அவன் செத்துப்போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. செத்தால் அதோடு முடிந்துவிடும். அவன் உள்ளே இருக்க வேண்டும், வெளியே வெயில் எறிப்பது அவனுக்குத் தெரிய வேண்டும். வற்றாப்பளை அம்மாளிடம் நான் கேட்டது அதை மட்டும்தான்.

பொலிசுக்குப் போனேன். “அது கோட்டிலைதான் அக்கா கேக்கோணும்” என்றார்கள். கோட்டில் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“விளக்கமறியல் நீடிச்சிருக்கு. ஆள் வவுனியாவிலை இருக்கோணும்.”

“இருக்கோணுமெண்டால்? இருக்கிறானோ?”

“அதை மறியலிலைதான் கேக்கோணும், அம்மா.”

வவுனியாச் சிறைக்கு ஃபோன் எடுத்தேன். சிங்களத்தில் ஏதோ கேட்டார்கள். பிறகு தமிழில் ஒருவர், ஃபோனில் சொல்ல முடியாது, நேரில் வாருங்கள் என்றார்.

புதன்கிழமை போனேன். அன்று எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை இல்லை, வேறு காரணம் ஒன்றும் இல்லை. வாசலில் பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு வரிசையில் நின்றார்கள். என் முறை வந்ததும் அடையாள அட்டையை நீட்டி அவன் பெயரைச் சொன்னேன்.

“நீங்க அவருக்கு என்ன முறை?” என்று காவலர் கேட்டார்.

செத்தவளின் தங்கச்சி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

“மச்சாள்” என்றேன்.

சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. காவலர் புத்தகத்தில் விரலை வைத்துக் கீழே கீழே போனார். அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இருக்கு. உள்ள இருக்கு.”

புளியங்குளத்தில் நின்றது வேறு எவனோ. நான் வந்த வேலை முடிந்துவிட்டது, திரும்பியிருக்கலாம். ஆனால் காவலர் ஒரு துண்டுச்சீட்டைக் கையில் தந்து உள்ளே போகச் சொன்னார். போனேன்.

கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே வந்தான், வேறு யாரையோ எதிர்பார்த்திருக்க வேண்டும். என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன்.

“அக்கா, நான் வேணுமெண்டு...”

“நான் உனக்கு அக்கா இல்லை. ஐஞ்சு நிமிசம்தான் தந்திருக்கினம், கேள்.”

ஆஸ்பத்திரியில் அக்காவின் முதல் நாளைச் சொன்னேன். இடுப்பெலும்பு எத்தனை துண்டு, எந்தக் கண் திறக்கவில்லை, தண்ணீர் கேட்டபோது பஞ்சில் நனைத்து உதட்டில் மட்டும் வைக்கச் சொன்னார்கள், அவள் அந்தப் பஞ்சைக் கடித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான். நேரம் முடிந்ததும் மற்றவர்களோடு வெளியே வந்தேன்.

வாசலில் ஒரு அம்மா நின்றா. கழுத்தில் செபமாலை, கையில் இரண்டு சாப்பாட்டுப் பார்சல். காவலரிடம் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தா.

“சாப்பாடு குடுக்கலாம். பார்க்க ஏலாது. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு தரம்தான். இப்ப மச்சாள் வந்து பார்த்தாச்சு.”

“மச்சாளோ? எந்த மச்சாள்?” அவா குழம்பிப்போய் நின்றா. பிறகு முகம் மலர்ந்தது. “தம்பியின்ரை மகளாய்த்தான் இருக்கும். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் எட்டிப்பாக்கேல்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

பார்சல்களைக் கொடுத்துவிட்டு வந்து, பஸ்தரிப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தா. அவாவாகவே கதைத்தா. முல்லைத்தீவுக் கரையாம். கருவாட்டு வாடியில் வேலை, புதன்கிழமை மட்டும்தான் லீவு. விடியப் புறப்பட்டாலும் இரண்டு பஸ் மாறி வரப் பத்தரையாகிவிடுமாம்.

“முகத்தைப் பாக்காமல் போறதுதான் கவலை. நீங்கள் ஆரைப் பாக்க வந்தனீங்கள், பிள்ளை?”

“அண்ணரை.”

“அவரும் வெளியிலை வரோணுமெண்டு மாதாவைக் கேக்கிறன்.”

கிளிநொச்சி பஸ்சில் ஏறி இருந்த பிறகுதான் என் கைக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று விளங்கியது.

அடுத்த புதன்கிழமை முதல் பஸ்சிலேயே போனேன். வரிசையில் மூன்றாவது ஆள் நான். அவன் வேகமாக வந்தான். என்னைக் கண்டு நின்றுவிட்டு, மெல்லக் கிட்ட வந்தான்.

“அம்மா வரேல்லையோ?”

“வருவா. வந்து வாசலிலை நிப்பா. இண்டைக்கு உனக்கு நான்தான்.”

இரண்டாம் நாளைச் சொன்னேன். மூன்றாவது புதன்கிழமையும் போனேன். மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. இந்த மனிசி எனக்குச் சொந்தமில்லை என்று ஒரு வார்த்தை காவலரிடம் சொன்னால் போதும், என்னை வெளியே தள்ளியிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்று அவனிடமே கேட்டேன்.

“உங்களைப் பகைச்சால் கோட்டிலை இன்னும் கூடச் சொல்லுவியள்.”

அவன் பயப்பட்டான். அந்தப் பயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிழமை வைத்துக்கொண்டிருந்தேன். வயலில் களை பிடுங்கும்போதும் மாட்டுக்குத் தண்ணி வைக்கும்போதும் அதை நினைப்பேன். ஒவ்வொரு புதனும் அந்தத் தாய் வாசலில் நிற்பதைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவாவுக்காக ஒருதரமாவது மனம் இளகியதா என்றால், இல்லை. எனக்கு யார் இளகினார்கள்?

நாலாவது புதனுக்கு முன்னால் தவணை வந்தது. அன்று அவனுக்குப் பிணை கொடுத்தார்கள்.

வழக்கை எடுத்தபோது பொலிஸ்காரர் என்னைக் கைகாட்டி, இறந்தவரின் சகோதரி என்று சொன்னார். முன் வாங்கில் இருந்த அந்த அம்மா திரும்பிப் பார்த்தா. முதலில் தெரிந்த முகம் என்று சிரிக்கப் பார்த்தா. பிறகு சிரிப்பு வரவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது என்னிடம் வந்தா.

“நீங்கள்தானோ அந்த மச்சாள்?”

“ஓம்.”

“மூண்டு கிழமை.” மிகவும் அமைதியாகத்தான் கதைத்தா. “என்ரை தம்பியின்ரை மேள் போய்ப் பாக்கிறாள் எண்டு கரை முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். நன்றி சொல்ல அவள் வீட்டை போனன். நான் அந்தப் பக்கமே போகேல்லை மாமி எண்டாள். எல்லாருக்கும் முன்னாலை வெக்கங்கெட்டுப்போய் நிண்டனான்.”

“உங்கடை மோன் என்ரை அக்காவை வாய்க்காலுக்கை போட்டிட்டு ஓடினவன்.”

“ஓம். இல்லையெண்டு நான் சொல்லேல்லை. அதுக்கு அவனுக்குத் தண்டனை வாங்கிக் குடுங்கோ. எனக்கேன் தந்தனீங்கள்?”

வாய் சும்மா இருக்கவில்லை.

“எனக்கும் ஒருத்தரும் கேட்டுப்போட்டுத் தரேல்லை, அம்மா.”

ஏசுவா, மண் அள்ளித் தூற்றுவா என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்த மகனிடம் போய், அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தா. அவன் என்னைக் கண்டு தலையைக் குனிந்தான். எனக்கு அது போதாது. அக்காவின் முகத்தை நான் கடைசியாகப் பிடித்துப் பார்த்தபோது அதில் சூடு இருக்கவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடம் வழக்கு இழுபட்டது. ஒவ்வொரு தவணைக்கும் போனேன். அந்த அம்மாவும் வந்தா. நாங்கள் இருவரும் ஒரே வாங்கின் இரண்டு முனையில் இருப்போம். ஒருநாளும் கதைத்ததில்லை. சனம் கூடி வாங்கு நிறைந்துவிட்டால் எனக்குப் பக்கத்தில் தள்ளி இருக்க வேண்டி வரும், அப்போதும் கதைக்கமாட்டா.

போன வருடம் அவன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். சிறைத்தண்டனை விதித்து அங்கேயே கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா எழும்பவில்லை. நான் எழும்பினேன். வாசல்வரை வந்து ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். செபமாலையை விரலில் சுற்றியபடி வெறும் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அந்த மூன்று புதன்கிழமைகளையும் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் கொடுப்பாயா என்று என்னை நானே பலதரம் கேட்டிருக்கிறேன். தாய்க்கு வேண்டுமானால் ஒன்று கொடுப்பேன். அவனுக்கு ஒன்றும் இல்லை.

தண்டனை விதித்த அன்று வீட்டுக்கு வந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் காய்ச்சினேன். அக்கா செத்த பிறகு முதல் தடவையாக, இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.