எடை பார்ப்பவர்

தொண்ணூறுகளில், தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு எடை பார்ப்பவர் அவர். காக்கிச் சட்டை போட்டு, காதில் பென்சில் செருகியிருப்பார். ஒவ்வொருவர் எடையையும் வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்வார்.

இதய ஆபரேஷனுக்கு உடம்பு இளைத்தால் நல்லது என்று நாங்களாகவே நினைத்து, எழுபது வயது அப்பாவை இரண்டு மாதம் வெறும் கஞ்சியில் வைத்திருந்தோம்.

"எட்டு கிலோ குறைச்சிட்டோம், அண்ணா" என்றேன் பெருமையாக.

அவர் அப்பாவை இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். முள் அதே இடத்தில் நின்றது.

"இன்னா சார், இப்டி பண்ட்டீங்க?" என்றார் என்னிடம். "குண்டா கீறவங்க கூட எய்ந்து நடந்து போய்ட்றாங்க. வயசானவங்க இளைச்சிட்டாதான் தாங்க மாட்டாங்க."

ஆபரேஷன் மறுநாள் காலைக்குக் குறித்திருந்தது. அப்பாவின் எடையை மட்டும் அவர் கத்தவில்லை. நர்ஸ் அருகில் போய், காதோடு சொன்னார்.