சத்தமில்லாத சண்டை

நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவர் உள்ளே தூங்குகிறார். மகன் கூடத்தில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு போன் பார்க்கிறான். எட்டிப் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து ஒருவனை மிதிக்கிறார்கள். அவன் வாய் திறந்திருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸிலும் இதே சட்டம்தான். அப்பா சுரங்கத்திலிருந்து வந்து படுத்துவிட்டால் பகலெல்லாம் டிவிக்கு வாய் கிடையாது. சத்தமில்லாமல் பாட்டு சப்பென்று இருக்கும். சண்டை மட்டும் அப்படியே புரியும். விழுகிற ஒவ்வொரு அடிக்கும் தம்பி தொண்டைக்குள்ளேயே ‘டிஷ்யூம்’ என்பான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

ஒருநாள் மத்தியானம், எதிர் பிளாக்கில் இருந்த சுமதி அக்காவை அவள் புருஷன் அடிப்பது எங்கள் ஜன்னல் வழியே தெரிந்தது. அவர்கள் வீட்டுக் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்ததால் சத்தம் வரவில்லை. அவர் கை இறங்கியபோது, பழக்கதோஷத்தில் தம்பி மெல்ல ‘டிஷ்யூம்’ என்றான்.

பின்னால் நின்றிருந்த அம்மா அவன் வாயிலேயே ஒன்று போட்டாள். அவன் அழ ஆரம்பித்ததும் அதே கையால் வாயைப் பொத்தினாள்.

“அப்பா தூங்குறாருடா.”

பிறகு எங்கள் ஜன்னலையும் சாத்தினாள். யாரும் எதிர் வீட்டுக்குப் போகவில்லை.

“டேய், அது படமா, நெசமா?” என்று மகனிடம் கேட்டேன்.

“சவுண்டு இல்லாம எப்படிம்மா தெரியும்?”

உள்ளே அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நான் போய் அந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.