ஷோகேஸில் இருந்த இடது கால்

யார் வீட்டுக்குப் போனாலும் அப்பா உடனே உள்ளே நுழைய மாட்டார். வாசலில் கிடக்கும் ஷூக்களில் ஒரு இடது காலை எடுத்து, அடிப்பாகம் ஒட்டியிருக்கும் விளிம்பைக் கட்டைவிரலால் நெம்பிப் பார்ப்பார். ஷூக்கடையில் காலம் தள்ளியவருக்குத் தொழில்புத்தி போகவில்லை என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "மச்சான், உள்ள மனுசங்களும் இருக்கோம். எங்களையும் கொஞ்சம் பாருங்க" என்பார் தாய்மாமா. மகனும் சேர்ந்து சிரித்தவன்தான். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். ஏன் இடது கால் மட்டும் என்று கேட்கத் தோன்றாமல், இத்தனை படித்து என்ன கிழித்தோம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டான்.

அப்பா படுக்கையில் விழுந்தபின் அவரே சொன்னார்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண். எல்லோருக்கும் அவள் நெட்டை. கூடைப்பந்து அணியில் இடம் கிடைத்த கையோடு, வீட்டில் கொடுத்த பணத்தைக் கசங்கப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அப்பா அவளை ஏமாற விடவில்லை. ஷூவின் உயரமான கழுத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை அமுக்கினால் நசுங்கக் கூடாது, விரல்கள் இருக்கும் இடத்தில் மட்டும்தான் ஷூ வளைய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தேறியது ஒன்றே ஒன்று. அது அவள் பணத்துக்கு எட்டவில்லை. கடைசி ஜோடிதானே என்று முதலாளியிடம் கெஞ்சிப் பாதி விலைக்கு வாங்கிக் கொடுத்தார். வலது கால் பெட்டியில் இருந்தது. இடது கால் பல வருடமாக ஷோகேஸில், விளக்குச் சூட்டில் நின்றது. அதைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் பெட்டிக்குள் வைத்தார். பசை காய்ந்திருக்குமோ என்று அவர் பார்க்கவில்லை.

போட்டியில் நெட்டை எகிறிக் குதித்து இறங்கியபோது இடது கணுக்கால் முறிந்தது. அதோடு ஆட்டம் போயிற்று. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டிலுக்கடியில் அந்த இடது கால் ஷூ, அடிப்பாகம் பிரிந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. "நான்தான் தப்பா எறங்கிட்டேன் அண்ணே. நீங்க அவ்ளோ பாத்து வாங்கிக் குடுத்தது, விழுந்ததுல அதுவும் பிஞ்சிடுச்சு" என்று அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்பா தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

"அந்த ஆட்டத்துக்கு நான் போகவே இல்லடா. ஆனா பசை பிரியுற சத்தம் கேக்குது" என்றார் மகனிடம். "எந்திரிச்சதும் நானே போய் அவகிட்ட சொல்லிடுறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை.

சில மாதம் கழித்து நெட்டை வந்தாள். இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும் கூட இருந்தாள். "உங்கப்பா இருந்தா அவர்கிட்டயே போயிருப்பேன் தம்பி. விலை கம்மியா, கணுக்கால் தாங்குற மாதிரி ஒன்னு பாத்துக் குடு" என்றாள்.

அதே கடைக்குத்தான் போனார்கள். மகன் குதிகாலை அமுக்கினான், முன்பக்கத்தை வளைத்தான். ஒரு ஜோடி தேறியது, விலையும் கட்டுப்படியானது. கடைப் பையன் ஷோகேஸிலிருந்து ஒரு காலை எடுக்கப் போனபோது, இரண்டும் பெட்டியிலிருந்தே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான்.

"அப்படியே அப்பாதான்" என்று நெட்டை சிரித்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "ஷூ நல்லா இருந்தா மட்டும் பத்தாதும்மா. எறங்கத் தெரியணும். எனக்கு அவ்ளோ நல்ல ஷூ கெடச்சுது, எறங்கத் தெரியல."

மகன் கையில் இடது கால் இருந்தது. விளிம்பில் அவன் கட்டைவிரல் தானாக நெம்பியது. புதுப் பசை, அசையவில்லை. ஆனாலும் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"அக்கா..."

"என்னப்பா?"

இறந்தவரைக் காட்டிக்கொடுப்பதா, இருப்பவளை இப்படியே விடுவதா என்று அவன் நினைத்து முடிப்பதற்குள் கடைக்காரர் பில்லை நீட்டினார்.

"லேஸை மேல்துளை வரைக்கும் கட்டச் சொல்லுங்க" என்றான்.

வெளியே வந்ததும் நெட்டை கம்பியைப் பிடித்து, இடது காலைப் பக்கவாட்டில் வைத்து, படியில் மெல்ல இறங்கினாள். பாதியில் நின்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"பாத்தியா, இன்னும் எனக்கு எறங்கத் தெரியல."