இரண்டு ப்ளஸ்

விளக்கடியில் கண்ணாடித் தட்டைச் சாய்த்துப் பிடித்தார் மேனேஜர். இடப்பக்கம் மூத்தவள் வளர்த்த பூஞ்சை, வலப்பக்கம் இளையவள் வளர்த்தது. நடுவே விழவேண்டிய கறுப்புக் கோடு விழவில்லை.

"ரெண்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குது. உங்க வீட்டைப் பார்த்துக் கத்துக்கிச்சா?"

எதிரில் நின்ற ஓரகத்திகள் இருவரும் சிரிக்கவில்லை.

பூஞ்சையிலிருந்து மஞ்சள் சாயம் எடுக்கும் தொழிற்சாலை அது. பூஞ்சையில் ப்ளஸ், மைனஸ் என்று இரண்டு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் வைத்தால் ஒன்று அரைகுறையாகக் கசியவிடும் சுரப்பை மற்றது வாங்கி முடித்துவைக்கும். அது ஊறினால்தான் இழைகள் ஒன்றையொன்று தேடி வளைந்து சேரும்; சேர்ந்த இடத்தில் கறுப்பாகக் கோடு விழும். தொட்டியில் மஞ்சளும் ஏறும். தனியே விட்டால் வெளிறிக் கிடக்கும். ப்ளஸ் அறை மூத்தவளுக்கு, மைனஸ் அறை இளையவளுக்கு.

வருஷக்கணக்கில் சோதனைக் குழாய் கழுவிய பிறகே மூத்தவளுக்கு அந்த அறை கிடைத்தது. இளையவள் வந்த அன்றே அறைக்குள் போனாள். அவளுக்கு வேலை சொல்லிவிட்டதே மூத்தவள்தான். இப்போது இரண்டு அறைக்கும் ஒருத்தி போதும் என்று பேச்சு. மேனேஜர் வாயில் இளையவள் பேர்தான் வந்துகொண்டிருந்தது.

போன மாதம் சாப்பாட்டு வேளையில் மூத்தவள் பொது ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இளையவளின் விதைப் பூஞ்சை இருந்த மூலக் குழாயிலிருந்து பேர்ச் சீட்டை உரித்துத் தன் குழாய் ஒன்றில் ஒட்டி அதே இடத்தில் வைத்தாள். அதன்பிறகு தொட்டியில் மஞ்சள் ஏறவில்லை.

மேனேஜர் அடுத்த தட்டை நகர்த்தினார். அதில் இளையவளின் பூஞ்சையை, வெளியிலிருந்து வரவழைத்த மைனஸுடன் வைத்திருந்தார். கோடு கரியாக விழுந்திருந்தது.

"மைனஸோட மைனஸ் சேராதும்மா. உன் குழாய்ல இருக்கிறது ப்ளஸ்."

"ப்ளஸ் யார்கிட்ட சார் இருக்கு? இந்த அக்காவைக் கேளுங்க. நான் வந்த நாள்லேருந்து வயிறெரிஞ்சு சாகறாங்க."

"உன் சோம்பேறித்தனத்துக்கு நான் பதில் சொல்லணுமா? நாக்கை அடக்கு."

"வீட்டுக்குத்தானே வருவீங்க, வாங்க."

"என் வீட்டுக்கு வர்றதுக்கு நீ என்னடி வெத்தலபாக்கு வைக்கிறே?"

"போதும்," என்றார் மேனேஜர். இளையவளைப் பார்த்தார். "சீட்டுல இருக்கிறது உன் கையெழுத்து. நாளையிலேருந்து வராதே."

இளையவள் வேலை அங்கியைக் கழற்றி மூத்தவளின் காலடியில் எறிந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மூத்தவள் இரண்டு அறைகளின் சாவியையும் வாங்கிக்கொண்டாள். புது மைனஸைக் குழாய்களில் ஏற்றினாள். மாலையில் வீடு திரும்பியபோது அடுப்படி இளையவள் கையில் இருந்தது. மாமியாரும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மூத்தவளின் மகள் சித்தி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பாத்திரங்களெல்லாம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. மூத்தவள் தனக்கு மட்டும் உலை வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.