தங்கை கட்டிய ஆடிச் சோறு

ஆய்க்குடியில் பிறந்து, தென்காசியில் என் வீட்டில் முப்பது வருஷம் உழைத்து, போன ஐப்பசியில் எங்களை விட்டுப் போன என் தங்கையைப் பற்றி, தலைத்திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றார்கள். என் தங்கையைப் பற்றி நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் எனக்கு ஏழு வயது இளையவள். அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, தம்பி கைக்குழந்தை. அவனை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தது அவள். குத்துக்கல்வலசையில் வாழ்க்கைப்பட்டாள். பிள்ளையில்லை. நாலே வருஷத்தில் மாப்பிள்ளை காய்ச்சலில் தவறிப் போனார். ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுப் படியேறினாள். யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. தெருவில் ஒரு வீட்டில் பிரசவம் என்றால் கூப்பிடுமுன் போய் நிற்பாள்.

ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு குற்றாலத்தில் குளித்து, அங்கேயே கட்டுச்சோறு சாப்பிடுவது எங்கள் வழக்கம். முந்தின நாளே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுவாள். புளியைக் கரைத்து, எண்ணெய் மேலே மிதக்கிற வரைக்கும் காய்ச்சிக் கல்சட்டியில் மூடி வைப்பாள். காலையில் சோறு வடித்துக் கிளறுவதுதான் பாக்கி. தயிர்ச்சோறு புளித்துவிடும் என்று, சோற்றைப் பாலில் குழைத்து ஒரு கரண்டி மோர் மட்டும் விடுவாள். நாங்கள் குளித்துக் கரையேறும்போது அது பதமாகத் தோய்ந்திருக்கும்.

எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். முதல் பிடியைக் குற்றாலநாதருக்கு என்று இலையில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் யாரும் தொடலாம். தாலியறுத்தவள் என்று அந்த முதல் பிடியை அவளை வைக்க விட்டதில்லை. ஆகவே சமைப்பது அவள், படைப்பது நான். "ஆச்சி வீட்டுப் புளியோதரை மாதிரி வராது" என்று என்னைப் பார்த்துச் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

போன வருஷம் ஆனியில் ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"யக்கா, வயித்துல கட்டி மாதிரி தட்டுப்படுது. அப்பப்ப வலி புடிச்சு இழுக்கு."

உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அந்த ஆடிக்குத்தான் தம்பி பல வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து மனைவியோடு வருவதாக எழுதியிருந்தான். என் வீட்டுக்காரர் பக்கத்து ஆட்களையும் அழைத்திருந்தேன்.

"ஏட்டி, தம்பி வருதான். பதினெட்டு கழியட்டும். நீ இல்லாம யாரு சமைக்க?" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ரேஷன் அரிசிக் காலம். நல்ல அரிசியாகப் பிடிப்பிடியாய் அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். பதினெட்டு அன்று குற்றாலத்தில் நல்ல சாரல். குளித்துவிட்டு வந்து இலை போட்டோம். நான் முதல் பிடியை வைத்துக் கும்பிட்டேன். பரிமாறியதும் தம்பி ஒரு வாய் வைத்தான்.

"சின்னக்கா, ரேஷன்ல உப்பையும் நிறுத்திட்டானா?"

எல்லாரும் சிரித்தார்கள். "கொழும்புக்காரருக்கு ரத்தக்கொதிப்பு வந்துரக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கா" என்றாள் என் நாத்தனார்.

எனக்கு முகம் எரிந்தது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. ஏட்டி, தூக்கிட்டுப் போ! கொரங்காவது திங்கட்டும்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"தப்பாப் போச்சுக்கா" என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பாறைப் பக்கம் போனாள். குரங்குகள் அவளைச் சூழ்ந்துகொண்டன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பாளையங்கோட்டைக்குப் போனோம். "முன்னாலேயே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று அங்கிருந்த டாக்டர் என்னைத்தான் கேட்டார். படுக்கையில் கிடந்தபோது தங்கை தானாகவே சொன்னாள்.

"முந்தின நாளு புளி காய்ச்சும்போது வலி வந்துட்டுக்கா. உப்பைக் கையில அள்ளிட்டேன். நிக்க முடியல. அங்கனயே சுருண்டுட்டேன். எந்திரிச்சப்ப, போட்டாச்சுன்னு நெனச்சுட்டேன்."

"ஏட்டி, அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ போறதையே நிறுத்திருப்ப. தம்பி அம்புட்டு தூரத்துலேருந்து வந்திருக்கான்."

நான் நிறுத்தியிருப்பேன் என்று நம்பினாள். நிறுத்தியிருக்க மாட்டேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு காலையில் அவள் மூச்சு நின்றது.

பாளையங்கோட்டைக்கும் வீட்டுக்குமாக வண்டி கொடுத்து உதவிய அண்ணாச்சிக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், கொட்டுகிற மழையில் அவளைச் சுமந்து போனவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்லுகிறேன். தம்பி மனைவிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று அருவிக்கரையில் அவள் மட்டும் இலையில் விழுந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டிருக்கிறாள். காரியத்துக்கு வந்தபோது ஏன் என்று கேட்டேன். "பரிமாறும்போது சின்ன மதினிக்குக் கை நடுங்கிச்சு மதினி" என்றாள். வந்து நாலு நாள் ஆனவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

என் வீட்டுச் சோற்றைப் புகழ்ந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். முப்பது வருஷமாக நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல யாரும் வரவேண்டாம்.

இப்படிக்கு,
அவளுடைய அக்காள்