ஒச்சம்மாள் வீட்டு மூச்சு மெஷின்

ஒச்சம்மாளைப் பற்றி எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் முதலில் திட்டத்தான் செய்வார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் சாயங்காலம்தான் வரும். வந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் மோட்டார் போடுவார்கள். கூடவே ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின். பல்பெல்லாம் அழுது வடியும். அப்புறம் பட்டென்று ஒரு சத்தம், சந்துக்கே டிரான்ஸ்பார்மர் பியூஸ் போய்விடும்.

அப்படி ஒரு கோடையில்தான் அவள் புருஷன் ஆறுச்சாமி செத்தான். நுரையீரல் கெட்டுக் கிடந்தவன். கட்டிலுக்குப் பக்கத்தில் கரண்டில் ஓடுகிற ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்குக் குழாய். பியூஸ் போனது, மெஷின் நின்றது. லைன்மேன் வருவதற்குள் அவனும் நின்றுவிட்டான்.

காரியம் முடிந்த மறுநாள் ஒச்சம்மாள் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குடத்தோடு சந்தில் இறங்கினாள். தெருக்குழாயில் குடம் வைத்து இடம் பிடிப்போமே, அதே வழக்கம்தான். குடம் யார் வாசலில் இருக்கிறதோ அவர்கள் மட்டும் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி போடலாம். முடிந்ததும் குடத்தை அடுத்த வாசலுக்குத் தள்ள வேண்டும். அதுவரை மற்ற வீடுகளில் ஏசிகூடக் கிடையாது.

எதிர்வீட்டு ஷாஜி குதித்தான். "பெரியம்மே, இதெந்தா ஏற்பாடு? பில்லு அடைக்கிறது நானு. நான் போடுவேன்."

"போடுடா. அந்த பில்லக் காட்டி எம் புருஷனுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வா பாப்போம்."

ஷாஜி உள்ளே போய் ஏசியை அணைத்தான். பயமோ, வெட்கமோ, எல்லோரும் அடங்கினார்கள். அதற்கப்புறம் பியூஸ் போவதும் நின்றது.

குடம் அவள் வாசலிலும் ஒரு முறை நிற்கும். அவளுக்கு எதற்கு? மோட்டார் கிடையாது. ஃபிரிட்ஜை விற்றுவிட்டாள். துணியைக் கையால் துவைக்கிறாள். வீட்டுக்கே ஒற்றை பல்பு. ஆனாலும் குடம் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து உஸ்... டக்... உஸ்... என்று வரும். ஆறுச்சாமி வந்து போகிறான் என்று சந்தில் பேச்சு. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். நான் பேயை நம்புகிறவள் இல்லை. அடுத்த வீட்டுக்காரி என்பதால் அவன் உயிரோடு இருந்தபோதே அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழக்கம். ஆனாலும் அவன் செத்த பிறகு அது கேட்டதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

இந்த ஏப்ரலில் கடைசி வீட்டு காமாக்ஷியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தார்கள். மெஷின் இல்லாமல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகள் மஞ்சுஷா வாடகை மெஷின் தேடி ஆலுவா வரை அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். காமாக்ஷி மேஜைமேல் தலையணை போட்டுக் கவிழ்ந்து, கூடையில் விழுந்த மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பார்த்துவிட்டு நேரே ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் முறை. கதவைத் தள்ளித் திறந்தேன். வெறுங்கட்டில். துவைத்த உறை போட்ட தலையணை. அதன்மேல் மூக்குக் குழாய். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏண்டி, ஊரையெல்லாம் அணைக்கச் சொல்லிட்டு நீ யாருக்குடி ஓட்டுறே?"

"அன்னைக்குப் பாதியில நின்னுச்சுல்ல சுப்பக்கா. அவருக்கு மிச்சம் இருக்கு."

"அவனை எரிச்சாச்சு. மூக்கு எங்கடி இருக்கு அவனுக்கு? அங்க காமாக்ஷி வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கா."

"இத நிறுத்தினா அவரு மறுபடி சாவாருக்கா. ரெண்டாந் தடவ என்னால பாக்க முடியாது."

"அப்ப வந்து காமாக்ஷியப் பாரு. அவளுக்கு இதுதான் மொதத் தடவ."

அவள் என்னை முறைத்தாள். பிறகு தலையணைப் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லி, தானே சுவிட்சை அமுக்கினாள். சத்தம் இழுத்து இழுத்து அடங்கியது. அவள் தலையணைமேல் குனிந்து காது கொடுத்தாள். நானும் கேட்டேன். சந்தில் ஒரு வீட்டிலும் எதுவும் ஓடவில்லை. அது அவள் முறை அல்லவா.

மெஷினைக் காமாக்ஷி வீட்டுக்குத் தூக்கிப்போய், ரிப்பேர் பார்க்கிற வெங்கிடேஷை வரவழைத்தோம். பில்டரும் குழாயும் புதிதாகப் போட்டு, டாக்டரிடம் போனில் கேட்டு அளவு வைத்தான். ராத்திரி ஆவதற்குள் காமாக்ஷியின் உதட்டில் நிறம் திரும்பியது. இனி அந்த வீட்டுக்கு முறை கிடையாது, எப்போதும் ஓடலாம், மற்றவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒச்சம்மாள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் தன் வீட்டுப் படியில் கால் வைக்கமாட்டேன் என்றாள்.

"உள்ள போனா கேப்பாருக்கா."

"என்னத்த?"

"யாருக்குத் தூக்கிக் குடுத்தேன்னு."

"காமாக்ஷிக்குன்னு சொல்லு."

"ஐயோ, அவருக்கு அவளக் கண்டாலே ஆகாதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. என் வீட்டில் ஒரு சாயா குடித்துவிட்டு, கடைசியில் போனாள்.

எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கொஞ்ச நேரத்தில் அவள் பேசுவது கேட்டது. ஒரு வார்த்தை சொல்வாள். நிறுத்துவாள், எதிராளி பதில் சொல்கிற நேரத்துக்கு. பிறகு அடுத்தது. சரியாகக் கேட்க வேண்டுமென்று என் ஃபேனை அணைத்தேன்.

"ஆமா, நான்தான் நிறுத்தினேன்" என்றாள்.

அதற்கப்புறம் வெகுநேரம் அவள் பேசவில்லை. யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவள்போல, இடையிடையே "ம்" மட்டும் கொட்டினாள்.